7 வாரமாகியும் ஆய்வுத் தலைப்பு அமையவில்லை: பதில்

பாதிப் பாடம் முடிந்தும் உங்கள் மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு அமையவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பை மாணவர்களிடம் கேட்காதீர்கள், ஆய்வுக் கேள்வியை நீங்களே கொடுத்துவிடுங்கள். 14 வாரப் பாடத்தில் 7 வாரம் கட்டுரை படிப்பதிலேயே போனதற்குக் காரணம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 'புதுசா ஏதாவது கண்டுபிடி' என்றதாகத்தான் இருக்கும்.

பினாங்கில்தானே இருக்கிறீர்கள்? லெபோ பாசாரில் 50 தமிழ்க் கடைப் பலகைகளைப் படமெடுத்து, டெசராக்டில் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) ஓட்டி, அது தவறாகப் படிக்கும் எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். கொம்பும் காலும் இருபக்கம் நிற்கும் 'கொ' போன்ற எழுத்துகளில் எங்கே சறுக்குகிறது என்று நோட்டில் குறிக்கட்டும். விடை உங்களுக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் அது ஆய்வு.

அடுத்த லேப்பில் ஒன்று பாருங்கள்: எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒவ்வொரு குழுவும் ஒரே வரியில் எழுத முடிகிறதா? முடியாவிட்டால் கேள்வி இன்னும் பெரிசு.

அப்புறம், வாட்சப் உரையாடல் மாதிரி ஆட்களின் தரவு வேண்டுமென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். மிச்சமுள்ள வாரங்களில் அது கிடைக்காமலும் போகலாம்.