ராயக்கோட்டை மலையைப் பழைய ஆங்கிலேயர் படங்களில் அப்படி வரைந்தது எப்படி?

"படத்தில் இருக்கும் மலை நேரில் பார்ப்பதைவிடச் செங்குத்தாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டிருந்தீர்கள்.

தொடக்கம் போர்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதே ஆண்டு ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் இருவரும் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜெகதேவி மலைக்கோட்டைகளை வரைந்தார்கள்.

கேமரா அப்ஸ்கியூராவில் (வெளிக்காட்சியின் பிம்பத்தை உள்ளே விழவைக்கும் இருட்டுப் பெட்டி) விழும் பிம்பத்தைப் பென்சிலால் பிடிப்பார்கள். அதனால் கோட்டுருவம் பெரும்பாலும் சரிதான். ஏமாற்றுவது அமைப்பு: முன்னால் இருட்டான பாறையும் மரமும், நடுவே குட்டி மனிதர்கள், பின்னால் வெளிறிய மலை. ஆள் சிறுத்தால் மலை தானாக உயரும்! அன்றைய ஆங்கில ரசனை அது.

அச்சு வேலை லண்டனில். செம்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவிட்டுச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்துக்கு அமிலம் அரிக்காமல் இருக்க வார்னிஷ் பூசி, அமிலத்தில் முக்குவார்கள். அடுத்த நிறத்திட்டுக்கு மறுபடி வார்னிஷ், மறுபடி அமிலம். அதிகநேரம் ஊறியது அடர்கருப்பாகும். தூள் நெருக்கமாக விழுந்தால் அமிலம் இறங்காது. கலைந்து விழுந்தால் வானம் திட்டுத்திட்டாகிவிடும். அச்சான பிறகு கையால் நீர்வண்ணம் தீட்டுவார்கள். ஆகவே ஒரே படத்தின் இரு பிரதிகளில் நிறம் மாறியிருந்தால் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.