ரத்தப் பிரிவு பார்த்துச் சமைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ரத்தப் பிரிவு ‘ஓ பாசிடிவ்’. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9.8. ரத்தப் பிரிவுக்கேற்ற உணவு அட்டவணை ஒன்றைத் தோழி அனுப்பினார். அதன்படி மூன்று மாதமாகக் கோதுமை, பால், பருப்பு மூன்றையும் விட்டுவிட்டு, வாரத்தில் நான்கு நாள் ஆட்டுக்கறி சாப்பிடுகிறேன். நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. கணவர் ‘ஏ’ பிரிவு. அவருக்கு அசைவத்தை நிறுத்திவிட்டுத் தினமும் கீரை கொடுக்கிறேன் (இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்). 74 வயது மாமியார் ‘ஏபி’. அவருக்குத் தினமும் இளநீரும் பழங்களும். அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 2.1. ஒரே வீட்டில் மூன்று விதமாகச் சமைத்துக் களைத்துவிட்டேன். இதைத் தொடரலாமா?
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கணவருக்கு நாளைக் காலையிலேயே ஐ.என்.ஆர். பரிசோதனை (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு; எண் குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும்) செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் மாத்திரை கொடுப்போம். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் ‘கே’ வேண்டும். இந்த மாத்திரைகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கின்றன. முருங்கைக்கீரை, பசலை, அரைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் ‘கே’ நிறைய இருக்கிறது. வாரம் ஒரு நாள் கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மாத்திரையின் அளவு அதற்கேற்ப அமைந்திருக்கும். இப்போது தினமும் ஒரு கிண்ணம் என்றால் மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கீரை மறுபக்கம் இழுக்கும். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில்) உலோக வால்வு என்றால் ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அது 1.5-க்கு இறங்கினால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. வால்வின் மேல் ரத்தக்கட்டி உருவான பிறகுதான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் கீரையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இடையில் ஐ.என்.ஆர். குறைந்திருப்பதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருந்தால், கீரையைத் திடீரென நிறுத்தியதும் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்து, கசிவு ஏற்படலாம். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் பேசி, கீரை வாரத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீரை பகையில்லை. இந்த வாரம் ஏழு நாள், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் பகை. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, மூச்சு வாங்குவது, வழக்கமாகக் கேட்கும் வால்வின் ‘டிக் டிக்’ ஓசை மங்குவது, இவற்றில் எது நேர்ந்தாலும் பரிசோதனைக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இனி அந்த அட்டவணை. ரத்தப் பிரிவுகளை 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தார். 1930-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ‘ஏ’, ‘பி’ என்பவை சிவப்பணுக்களின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் சிறு சர்க்கரைத் துணுக்குகளின் அடையாளம். துணுக்கு இல்லாவிட்டால் ‘ஓ’. ரத்தம் ஏற்றும்போதும் உறுப்பு மாற்றும்போதும் இந்த அடையாளம் உயிர் காக்கும். ரத்தப் பிரிவுக்கொரு உணவு என்ற யோசனை வெகு பின்னால், 1996-இல் அமெரிக்காவில் இயற்கை மருத்துவர் ஒருவர் எழுதிய புத்தகத்தால் பரவியது. ‘ஓ’ வேட்டையாடிய மனிதனின் ரத்தம், ஆகவே இறைச்சி. ‘ஏ’ உழவனின் ரத்தம், ஆகவே சைவம். ‘பி’ மேய்ச்சல்காரனுடையது, ஆகவே பால். கேட்பதற்கு அழகான கதை. ஆனால் ‘ஏ’, ‘பி’ வேறுபாடு கிப்பன் குரங்குகளிடமும் இருக்கிறது. அது குறைந்தது இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்போது வேடனும் இல்லை, உழவனும் இல்லை.

லெக்டின் என்ற புரதத்தைப் பற்றியும் உங்கள் அட்டவணையில் எழுதியிருக்கும். பருப்பிலும் பயறிலும் இருக்கும் லெக்டின் குறிப்பிட்ட பிரிவினரின் ரத்த அணுக்களைத் திரளச் செய்யும் என்பது வாதம். லெக்டின் இருப்பது உண்மைதான். சரியாக வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டால் வாந்தி வரும்; ‘ஓ’ என்றாலும் வரும், ‘ஏபி’ என்றாலும் வரும். நம் வீடுகளில் பயறை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, குக்கரில் குழைய வேகவைக்கிறோம். அந்தக் கொதியில் பெரும்பாலான லெக்டின் செயலிழந்துவிடும். குழையக் கடைந்த பருப்பைப் பார்த்து ரத்தம் பயப்படத் தேவையில்லை.

சோதித்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2014-இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தினர் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். ‘ஏ’ பிரிவுக்கென்று சொல்லப்படும், காய்கறி மிகுந்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. ஆனால் அந்த நன்மை எல்லாப் பிரிவினருக்கும் ஒன்றுபோலவே கிடைத்திருந்தது. 2021-இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், 16 வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்களின் எடையும் கொழுப்பும் குறைந்ததற்கும் அவர்களுடைய ரத்தப் பிரிவுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. இந்த அட்டவணையால் சிலருக்கு நன்மை கிடைப்பதன் ரகசியம் இதுதான். எந்தப் பிரிவின் அட்டவணையை எடுத்தாலும் மைதாவும் பாக்கெட் தின்பண்டமும் குறையும். பலன் அதிலிருந்து வருகிறது, பேர் ரத்தப் பிரிவுக்குப் போகிறது. ஜப்பானில் ரத்தப் பிரிவை வைத்துக் குணம் சொல்பவர்கள் உண்டு, நம் ஊரில் நட்சத்திரம் கேட்பதைப் போல. இந்த அட்டவணையையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரத்தப் பிரிவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதில்லை. ‘ஓ’ பிரிவினருக்கு ரத்தம் உறையும் காரணி ஒன்று சற்றுக் குறைவு. அதனால் நாளங்களில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு, வயிற்றுப் புண் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ‘ஏ’ பிரிவினருக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுதல். இவையெல்லாம் பெரும் கூட்டத்தைக் கணக்கெடுத்தால் தெரியும் சிறு வேறுபாடுகள். உங்கள் வீட்டு அடுப்பில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்ய இவை போதா.

ஆனாலும் ரத்தத்தைப் பார்த்து உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் தவறில்லை. நீங்கள் பார்த்த வரிதான் தவறு. பரிசோதனைத் தாளின் தலைப்பில் இருக்கும் ‘ஓ பாசிடிவ்’ பிறந்தது முதல் மாறாதது. இன்று என்ன சாப்பிடலாம் என்று அதற்குத் தெரியாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் எண்களுக்குத் தெரியும்.

உங்கள் தாளில் முதலில் 9.8. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஆட்டுக்கறியில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும். அந்த வகையில் அட்டவணை தற்செயலாக உங்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது. ஆனால் 46 வயதில் இந்த எண்ணைப் பார்த்தால், ரத்தம் எங்கே போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். மாதவிலக்கில் போக்கு அதிகமா, மூலமா, வயிற்றுப் புண்ணா? காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கறி சாப்பிடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடுங்கள். உங்கள் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் வைட்டமின் பி12-ஐயும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கூடவே கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் கீரை, பயறுகளின் இரும்பும் நன்றாகச் சேரும்.

அடுத்து, நான்கு கிலோ. நல்ல செய்தியாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை கட்டுக்கு மீறினாலும் எடை இறங்கும். கோதுமையை விட்டீர்கள் என்றால் அந்த இடத்துக்குச் சோறு வந்திருக்கும். இரண்டும் மாவுச்சத்துதான், எது என்பதைவிட எவ்வளவு என்பதே கேள்வி. பருப்பையும் எடுத்துவிட்டதால், தட்டில் சோற்றின் வேகத்தைக் குறைக்க எதுவும் இல்லாமல் போயிருக்கும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டு மகிழ்ச்சி அடையலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். அதனால் சாப்பிடும் முன்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த சர்க்கரை அளவுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பருப்பை இன்றே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால் மோர் போதும். ‘ஓ’ பிரிவு என்பதற்காகப் பாலை விடாதீர்கள். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் கால்சியம் வேண்டும். கேழ்வரகும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கைகொடுக்கும். ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள், கொழுப்பை நீக்கி. மற்ற நாட்களில் மீன், முட்டை.

மாமியார் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கவலை. 74 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 2.1 என்றால், சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். அந்தச் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்றுவது கடினம். ஒரு தம்ளர் இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நமக்கு அது அமுதம். அவருக்கு அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கலாம். இளநீரை நிறுத்துங்கள். வாழைப்பழம், ஆரஞ்சு, பழச்சாறுக்குப் பதில் ஆப்பிள், பேரிக்காயில் சிறு துண்டு போதும். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுத் தாளியுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்கியிருந்தால், உறையைத் திருப்பிப் பாருங்கள். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அது அவருக்குக் கூடவே கூடாது. பொட்டாசியம் பரிசோதனையை இந்த வாரமே செய்து, சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். புரதம் எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும்.

மூன்று அடுப்பு தேவையில்லை. ஒரே சாம்பார், ஒரே பொரியல். உப்பைக் குறைத்துச் சமைத்து, வேண்டியவர் இலையில் சேர்த்துக்கொள்ளட்டும். மாமியாருக்கு வடித்த காயும் அளவான பருப்பும். கணவருக்குக் கீரை நிச்சயித்த நாட்களில் மட்டும். மீனோ கோழியோ அவர் விரும்பினால் தடையில்லை. உங்கள் தட்டில் பாதிக்குக் காய், கால் பங்குக்குச் சோறு.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்த அட்டவணையை ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கிழித்துவிட்டு, கணவரின் ஐ.என்.ஆர். பார்த்த தேதி, வந்த எண், அந்த வாரம் கீரை சாப்பிட்ட நாட்கள் என்று மூன்று கட்டம் போட்ட தாளை அங்கே ஒட்டுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையே எடுத்துப் போகலாம்.