யார் வரியில் யார் சாப்பிடுகிறார்கள்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலம் லவுடன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறான். குடியுரிமை வாங்கிவிட்டான். ராணுவத்துக்கு மென்பொருள் செய்துகொடுக்கிற கம்பெனியில் வேலை. ஆறு மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். அதே மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பக்கத்துக்காரர்கள் எங்கள் வரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவனும் நண்பர்களும் பேசிக்கொள்கிறார்கள். ஃபெடரல் அரசின், அதாவது அங்கத்திய மத்திய அரசின், பணம் ஒரே மாநிலத்துக்குள் எப்படித்தான் பிரிகிறது? உழைக்கிறவன் கொடுக்க, சும்மா இருக்கிறவன் வாங்குகிற கதைதானா அங்கேயும்?
– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: அடுத்த முறை போனில் பேசும்போது தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அவர் கம்பெனிக்குப் பணம் கொடுப்பது யார்? ராணுவம். ராணுவத்துக்குக் கொடுப்பது? ஃபெடரல் கருவூலம். மலையடிவாரத்துக் கிழவருக்கு மாதாமாதம் வருகிற சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியப் பணத்தை அனுப்புவதும் அதே கருவூலம்தான். ஒரு கிணறு, இரண்டு வாளி. ஒரு வாளிக்குச் சம்பளம் என்று பெயர் வைத்தார்கள், இன்னொன்றுக்கு உதவி என்று வைத்தார்கள். உங்கள் மகன் குடிப்பது முதல் வாளியில்.

குத்தலாகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் குத்தல் இருக்கிறதுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு உள்ளே போக வேறு வாசல் இல்லை.

வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள். எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனியாக நிற்கும் நகரங்கள் 38. 2020 கணக்குப்படி மொத்தம் சுமார் 86 லட்சம் பேர். இந்த 133 இடங்களுக்கும் யாரோ ஒருவர் வாஷிங்டனில் உட்கார்ந்து பங்கு போடுவதாக நினைத்தீர்களானால், அப்படி ஒரு ஆளும் இல்லை, மேஜையும் இல்லை. முதியவர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஓய்வூதியம் போகிறது. கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கே மாலுமியின் சம்பளம் போகிறது. காண்ட்ராக்ட் எடுத்தவர் எந்த விலாசம் கொடுத்தாரோ அங்கே பில் போகிறது. எல்லாவற்றையும் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் 'பங்கீடு' என்று ஒன்று தெரியும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல அது.

தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய வடகிழக்கு மூலையைப் பாருங்கள். ஆர்லிங்டனில் ராணுவத் தலைமையகமான பென்டகன். லாங்லியில் உளவு நிறுவனமான சிஐஏ. அலெக்ஸாண்ட்ரியாவில் காப்புரிமை அலுவலகம். தெற்கே கொஞ்சம் இறங்கினால் ஃபோர்ட் பெல்வாயர் ராணுவத் தளம், குவாண்டிகோவில் மரீன் படைத் தளம். இவற்றைச் சுற்றி நார்த்ராப் கிரம்மன், ஜெனரல் டைனமிக்ஸ் என்று ஆயுதக் கம்பெனிகளின் தலைமையகங்கள். 2022ல் போயிங்கும் ரேதியானும் தங்கள் தலைமையகத்தை ஆர்லிங்டனுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அங்கே விமானம் கட்ட இடமா இருக்கிறது? பரிமாறுகிறவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று தெரிந்தால் அந்த ஓரத்தில் இலை போட்டு உட்காருவோமே, அந்தக் கணக்குதான்.

தென்கிழக்கில் கடற்கரை. நார்ஃபோக்கில் இருப்பது உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம். எதிர்க்கரையில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளம். அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டுகிற ஒரே இடம். பணம் என்று பார்த்தால் இந்த இரண்டு மூலைகளும்தான் வர்ஜீனியா. பாதுகாப்புத் துறைச் செலவில் இந்த மாநிலம் டெக்சாஸ், கலிஃபோர்னியாவோடு முதல் வரிசையில் நிற்பதற்கு இவைதான் காரணம்.

இனி நீங்கள் கேட்ட 'எப்படிப் பிரிகிறது'. பிரிவதைவிட அதைக் கணக்கில் எழுதுகிற விதத்தில்தான் வேடிக்கை. பேராவூரணிக்காரருக்குக் கடைமடை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். உங்கள் வயலுக்கு வந்ததா என்பது வராது. ஃபெடரல் கணக்கும் பல இடங்களில் இப்படித்தான் மதகில் நின்று அளக்கிறது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1983 நிதியாண்டு முதல் 2010 நிதியாண்டு வரை, ஃபெடரல் பணம் எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு போனது என்று வருடாவருடம் ஓர் அறிக்கை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் புரட்டினால் மாநிலத் தலைநகரங்கள் எல்லாம் வீங்கித் தெரியும். காரணம் எளிது. ஏழைகளுக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீடு, சாலை, பள்ளி என்று மாநில அரசுக்குக் கொடுக்கும் மானியத்தில் பெரும்பகுதி தலைநகரத்தின் பேரில் பதிவாகும். வர்ஜீனியாவில் அது ரிச்மண்ட். அங்கிருந்து மலைக்குப் போனதும், கடற்கரைக்குப் போனதும் ரிச்மண்டின் தலையில்தான் எழுதப்படும். ரிச்மண்ட்வாசி என்னமோ தங்கத் தட்டில் சாப்பிடுவதுபோல இருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்தால்.

கப்பல் கணக்கும் அப்படியே. ஜெரால்ட் ஆர். ஃபோர்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆன செலவு சுமார் 1,300 கோடி டாலர். காண்ட்ராக்ட் நியூபோர்ட் நியூஸ் பேரில். ஆனால் கப்பலுக்கான உருக்கும் பம்பும் கேபிளும் பல மாநிலங்களிலிருந்து வந்தவை. சம்பளத்தில் இன்னொரு விநோதம். வாஷிங்டனில் வேலை செய்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் குடியிருக்கிற அரசு ஊழியரின் சம்பளம், வேலை பார்க்கும் இடத்தை வைத்து எழுதினால் வாஷிங்டன் கணக்கு. வீடு வாங்குவதும் காய்கறி வாங்குவதும் ஃபேர்ஃபாக்ஸில். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டுகிற பட்டியலோ இன்னும் மோசம். கிங் ஜார்ஜ் என்று ஒரு சின்னக் கவுண்டி, 2020 கணக்கெடுப்பில் 27,000 பேர்கூட இல்லை. அங்கே டால்கிரனில் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பணத்தை ஊர் ஜனத்தொகையால் வகுத்தால் ஒவ்வொரு குடியானவனும் கோடீஸ்வரனாகத் தெரிவான்.

2010க்குப் பிறகு அந்த அறிக்கையை நிறுத்திவிட்டார்கள். நிதி ஒதுக்கவில்லை. செலவு எங்கே போகிறது என்று பார்க்கிற செலவு மிச்சம்! இப்போது இருப்பது 2006ல் வந்த சட்டத்தால் உருவான இணையதளம். ஓக்லஹோமாவின் டாம் கோபர்னும் இல்லினாயின் பராக் ஒபாமாவும், எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள், சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. அதில் காண்ட்ராக்ட் எடுத்தவரின் விலாசம் ஒன்று, வேலை நடக்கும் இடம் ஒன்று என்று இரண்டையும் பார்க்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கவுண்டிகளின் வரிசையே மாறிவிடும். யாராவது உங்களிடம் புள்ளிவிவரம் நீட்டினால் எந்த விலாசம் என்று கேளுங்கள்.

சரி, மலைக்கு வருவோம். பியுகேனன் என்று ஒரு கவுண்டி, நிலக்கரி பூமி. 1980ல் அங்கே சுமார் 38,000 பேர். 2020ல் 20,000 பேர்தான் மிச்சம். சுரங்கத்தில் இயந்திரம் வந்தது, ஆள் குறைந்தது, வாலிபர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். யார் இருப்பார்கள்? வயதானவர்களும் முடியாதவர்களும். சோஷியல் செக்யூரிட்டியும், முதியோருக்கான மெடிகேரும் வயதையும் உடம்பையும் பார்த்து வருகிற பணம். லவுடன் கிழவருக்கு ஒரு விதி, பியுகேனன் கிழவருக்கு ஒரு விதி என்று கிடையாது. லவுடனில் கிழவர்கள் குறைவு, அவ்வளவுதான். தம்பிக்கும் இன்னும் முப்பது வருடத்தில் அதே வரிசையில் இடம் இருக்கிறது.

அப்புறம் அந்த 'சும்மா இருக்கிறவன்'. நிலக்கரித் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு, 1969ல் வந்த சட்டத்தின்படி மாதப்பணம் உண்டு. அதற்கான நிதி, வெட்டியெடுக்கும் நிலக்கரியின் மேல் போட்ட வரியிலிருந்து வருவது (அது போதாமல் கடனில் ஓடுகிறது என்பது வேறு கதை). அவர்கள் வெட்டிய கரி ரயிலேறி நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியது. இன்றும் போகிறது. மாநிலத்தின் மேற்கு மூலை கிழக்கு மூலைக்குக் கொடுத்ததும் ஏதோ இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கண்ணுக்கு உண்மையான பாகுபாடு தொகையில் இல்லை, பணத்தின் ஜாதியில் இருக்கிறது. லவுடனுக்கு வருவது ஊதியமாக வருகிறது. ஊதியம் வீடாகிறது, வீட்டின் மேல் சொத்துவரி விழுகிறது, சொத்துவரியில் பள்ளிக்கூடம் நடக்கிறது, நல்ல பள்ளிக்கூடத்தைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் வருகிறது. 2022 நவம்பரில் சில்வர் லைன் மெட்ரோ ரயிலும் லவுடனின் ஆஷ்பர்ன் வரை வந்தாயிற்று, நீங்களே ஏறியிருப்பீர்கள். லவுடனில் குடும்பங்களின் இடைநிலை வருமானம் (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்) வருடத்துக்கு 1,70,000 டாலருக்கு மேல். நாட்டிலேயே முதலிடத்துக்குப் போட்டி போடுகிற ஊர். பியுகேனனில் அதில் கால்பங்கை ஒட்டித்தான். அங்கே வருகிற பணம் மருந்துக்கடைக்கும் மளிகைக்கும் போய், அந்த மாதமே ஊரைவிட்டு வெளியேறிவிடுகிறது. சேர்ந்து ஒரு கூரையாக நிற்பதில்லை.

மலைக்கும் செங்கல் சிமெண்டாகப் பணம் வந்ததே இல்லையா என்றால், வந்தது. 1977 வெள்ளத்தில் கிரண்டி என்கிற ஊர் மூழ்கியது. பல வருடம் கழித்து ராணுவப் பொறியாளர்கள் எதிர்க்கரையில் மலையை வெட்டிச் சமதளமாக்கி, ஊரின் கடைத்தெருவை அங்கே நகர்த்த இடம் செய்தார்கள். 2011ல் அதில் வந்து உட்கார்ந்தது, வாகன நிறுத்தத்துக்கு மேலே கட்டிய ஒரு வால்மார்ட். லீ கவுண்டியில் ஒரு ஃபெடரல் சிறைச்சாலை. வடகிழக்குக்குப் பென்டகன், தென்மேற்குக்கு ஜெயில். இரண்டும் அரசு வேலைதானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதே லீ கவுண்டியின் ஒரே ஆஸ்பத்திரி 2013ல் மூடியது. மெடிகெய்டை விரிவாக்கினால் அந்தச் செலவில் குறைந்தது பத்தில் ஒன்பது பங்கை ஃபெடரல் அரசே கொடுக்கும் என்றபோதும் வர்ஜீனியா சட்டமன்றம் வருடக்கணக்கில் வேண்டாம் என்றது. 2018ல் மலைப்பக்கத்து மாநில செனட்டர் பென் சேஃபின், குடியரசுக் கட்சிக்காரர், கட்சி வரிசையை மீறி ஆதரித்தார். தன் தொகுதியின் ஆஸ்பத்திரிகளும் ஆட்களும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2019 ஜனவரியில் திட்டம் அமலுக்கு வந்தது. லீ ஆஸ்பத்திரி 2021ல் திரும்பத் திறந்தது.

மகன் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். வர்ஜீனியா மாநிலப் பள்ளி நிதிச் சூத்திரம், சொத்து நிறைந்த கவுண்டிகளுக்கு மாநிலத்தின் பங்கைக் குறைத்து, லீ, பியுகேனன் போன்ற இடங்களுக்குக் கூட்டிக் கொடுக்கிறது. வடக்கத்திக்காரர் கட்டுகிற மாநில வரி மலைக்குப் போவது உண்மை. ஆனால் அந்த வரி எந்தச் சம்பளத்திலிருந்து கட்டியது என்று இரண்டு படி பின்னால் போனால் மறுபடி பென்டகன் வாசலுக்கே வந்து நிற்கிறோம்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் ஃபெடரல் அரசு முடங்கிக் கிடந்தது. ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி வாங்குகிறவர்களுக்கு ஃபெடரல் அரசின் நவம்பர் பணம் தடைபட்டது. வேலைக்குப் போகாத அரசு ஊழியர்களுக்கும் விட்டுப்போன சம்பளம் பின்னால் கிடைத்தது. 2019 சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. காண்ட்ராக்ட் கம்பெனி ஊழியர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த 43 நாளில் ஆஷ்பர்னில் அவர் நண்பர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தம்பியைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.