வேலையை விடாமல் ஆட்டிசத்தில் முதுகலைப் படிப்பு படிக்கலாமா?

படிக்கலாம். லீவு போட்டுவிட்டுப் படித்திருந்தால் எனக்குப் பாதிகூட மண்டையில் ஏறியிருக்காது.

நான் சிறப்பாசிரியர். எட்டு வருடம் வகுப்பெடுத்த பிறகுதான் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். என் வகுப்பில் ஒரு பையன், மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்பான். மைதானத்தில் ஏது கதவு? குறிப்பேட்டில் "சம்பந்தமில்லாத பேச்சு" என்று எழுதிவிட்டு, அவன் கவனத்தை வேறு எதிலாவது திருப்புவேன். முதல் பருவத்தில், பிரைசன்ட், ரைடெல் என்ற ஆய்வாளர்கள் 1984இல் எழுதிய கட்டுரை பாடமாக வந்தது. காதில் விழுந்ததைக் குழந்தை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்கிறோம். எப்போதோ கேட்ட வாக்கியத்தைப் பிறகு சொல்வது அதில் ஒரு வகை. வேண்டியதைக் கேட்பது, மறுப்பது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என்று அதற்குப் பல வேலைகள் உண்டு என்றது அந்தக் கட்டுரை. ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கிறேன். காலையில் அந்தப் பையன் என் முன்னால் நிற்கிறான். அவன் எப்போதெல்லாம் அதைச் சொல்கிறான் என்று ஒரு வாரம் குறித்துவைத்தேன். அத்தனையும் இரைச்சல் ஏறிய நேரங்கள். என்றைக்கோ யாரோ அப்படிச் சொல்லிக் கதவைச் சாத்த, அவன் காதுக்கு நிம்மதி கிடைத்திருக்க வேண்டும். "சத்தம் தாங்கலை" என்பதற்கு அவனிடம் இருந்த வாக்கியம் அதுதான்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் எழுதியதைப் பிறகு படித்தபோது இது இன்னும் உறைத்தது. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று மட்டும் சொல்கிறோமே, மற்றவர்களுக்கு அவர் மனம் புரிகிறதா என்று கேட்டவர் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவரே.

அதனால் சேருமுன் வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1943இல் மனநல மருத்துவர் கேனர் தன் ஆட்டிசக் கட்டுரையில் விவரித்த 11 குழந்தைகள், மற்றவர் மனதில் இருப்பதைக் குழந்தை ஊகிக்கிறதா என்று பார்த்த 1985இன் சாலி-ஆன் சோதனை என்று அங்கேயே நின்றுவிட்டால் யோசியுங்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லாத பட்டியலுக்கு நான் கட்டணம் கட்ட மாட்டேன்.

நேரக் கணக்கு கறாரானது. பிரிட்டன் முறையில் முதுகலைச் சான்றிதழுக்கு 60 கிரெடிட், டிப்ளமோவுக்கு 120, முழுப் பட்டத்துக்கு 180. ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. சான்றிதழை ஒரே வருடத்தில் முடிக்க வாரம் சுமார் 12 மணி நேரம் வேண்டும். முதலில் சான்றிதழோடு நிறுத்திப் பாருங்கள். பல இடங்களில் பிறகு தொடரலாம். இன்னொன்று, இந்தப் பட்டம் இருப்பதாலேயே ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று கண்டறிந்து சொல்லும் தகுதி வந்துவிடாது. அந்த நினைப்பில் சேர்ந்து நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வேட்டை உங்கள் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே எழுதுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். பெற்றோர் கையெழுத்து போதும் என்று நான் நினைத்திருந்தேன். "அந்தப் பையனுக்கு விருப்பமில்லை என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதி, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பதிலில், முதல் வரியாகக் "கதவைச் சாத்து" என்று அவன் சொன்னால் பதிவை உடனே நிறுத்திவிடுவேன் என்று போட்டேன்.