வாசகர் கேள்வி பதில்: பெர்லினின் ஈர மீன்கள்

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் நடக்கிற சரித்திரத் துப்பறியும் நாவல்களைத் தேடித்தேடிப் படிக்கிறேன். எழுதுகிறவர்கள் ஏன் பெர்லினையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள்?

பதில்: அந்த ஊரில் நிஜமாகவே ஓர் அபாரமான கொலைப் பிரிவு இருந்தது. எர்ன்ஸ்ட் கென்னாட் என்ற அதிகாரி 1926-ல் அமைத்தது. அதற்கு முன்பெல்லாம் முதலில் வந்து சேரும் போலீஸ்காரரே பிணத்தைக் கௌரவமாகக் கிடத்தி, அறையையும் ஒழுங்குபடுத்திவிடுவது உண்டு. துப்பு அத்தனையும் அதோடு போச்சு. நாங்கள் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று கென்னாட் கண்டிப்பாகச் சொன்னார். தட்டச்சு இயந்திரம், மடக்கு மேசை, கேமரா, விளக்கு எல்லாம் ஏற்றிய தனி காரே அவர் பிரிவுக்கு இருந்தது. 1931-ல் வந்த 114 கொலை வழக்குகளில் 108-ஐ முடித்தார்கள்.

அதே 1931, ஆகஸ்ட் 9. ப்யூலோ சதுக்கத்தில் இரண்டு போலீஸ் கேப்டன்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டதாகத் தேடப்பட்ட கம்யூனிஸ்ட் இளைஞர்களில் ஒருவரான எரிக் மீல்கே மாஸ்கோவுக்குத் தப்பினார், போருக்குப் பின் திரும்பி வந்து கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸுக்கே தலைவராகிப் பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார், கடைசியில் பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1993-ல், அந்தப் பழைய கொலைக்காக அவருக்கு ஆறு ஆண்டு தண்டனை விதித்தார்கள். அறுபத்திரண்டு வருஷம்! இப்படி ஒரு கதையை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

1932 ஜூலையில், பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநில அரசை மத்திய அரசு கலைத்தபோது, போலீஸ் துணைத் தலைவராக இருந்த பெர்ன்ஹார்ட் வைஸ் என்ற யூதரையும் பதவியிலிருந்து தூக்கினார்கள். அடுத்த வருஷம் நாஜிகள் வந்துவிட்டார்கள். நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடலாம், சரி, யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: இந்த வகை நாவலில் நல்லது எது, சுமார் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: எனக்கு ஒரே சோதனைதான். கதாநாயகனுக்கு எதிர்காலம் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். 1929-ல் நடக்கிற கதையில் ஒரு இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, இந்த ஹிட்லர் ஐரோப்பாவையே எரிக்கப்போகிறான் என்று பெருமூச்சு விட்டால் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவேன். 1928 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.6 சதவீதம்தான். தெருவில் சண்டை வளர்க்கிற ஒரு சின்னக் கும்பல் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்திருப்பார்கள். 1930 செப்டம்பரில் அது 18.3 ஆனபோதுதான் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு எல்லாம் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் படிக்கிறவருக்கு நெஞ்சு பதறுகிறது, அதைக் கெடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பழைய கார்களும் தொப்பிகளும் மட்டும்தான்.

ஜெர்மன் எழுத்தாளர் ஃபோல்கர் குட்ஷர் இதைப் பிரமாதமாகச் செய்கிறார். கேரியோன் ராத் என்ற அவருடைய இன்ஸ்பெக்டரின் கதை 1929-ல் தொடங்கி, பத்து நாவல்களில் 1938 வரை வருகிறது. முதல் நாவலின் ஜெர்மன் தலைப்புக்கு 'ஈர மீன்' என்று அர்த்தம், துப்பு துலங்காத வழக்கைக் குறிக்கிற போலீஸ் பேச்சு அது. ராத்துக்கு அரசியலே பிடிக்காது, தன் வேலை உண்டு தான் உண்டு என்றிருப்பவர். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு நாவலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பதுதான் எனக்குக் கொலையைவிடப் பயமாக இருந்தது.

கேள்வி: அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் இந்தக் கலவரமெல்லாம் ஏன் இல்லை? எல்லாரும் பங்களாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்களே?

பதில்: அரசியல் குறைவுதான். ஆனால் முதல் உலகப் போர் இருக்கிறது, கூர்ந்து பாருங்கள். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ முதன்முதலில் 1920-ல் வரும்போதே பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த அகதி. டோரத்தி சேயர்ஸின் துப்பறிவாளர் பீட்டர் விம்ஸி, 1923-ல் வந்த முதல் நாவலிலேயே, கொலைகாரன் யாரென்று பிடிபட்ட ராத்திரியில் பீரங்கிச் சத்தம் கேட்பதாக நினைத்து நடுங்குகிறார். போரில் அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருந்து இப்போது வேலைக்காரராக இருக்கும் பன்ட்டர்தான் அவரைத் தேற்றிப் படுக்கவைக்கிறார். டீ குடிக்கிற அந்த பங்களாக்கள் பலவற்றில் திரும்பி வராத ஒரு மகனும் இருந்திருப்பான், அதை அன்றைய வாசகருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பெர்லினை விட்டால்?

பதில்: நேப்பிள்ஸ். 1931, முசோலினி காலம். மௌரித்ஸியோ தெ ஜொவான்னி எழுதிய, ரிச்சார்தி என்ற போலீஸ் அதிகாரியின் நாவல் வரிசை. அப்புறம் மாரெக் கிராயெவ்ஸ்கி எழுதுகிற பிரெஸ்லாவ் கதைகள். அன்று ஜெர்மன் நகரம், இன்று போலந்தில் இருக்கிறது, பெயரும் விராட்ஸ்வாஃப் என்று மாறிவிட்டது. ரத்தம் கொஞ்சம் அதிகம், ராத்திரியில் படிக்காதீர்கள்.