ஆரியங்காவுப் பாதையில் பார்த்த வெள்ளைக் காளான்

இந்தக் காளான் கறையான் புற்றில் முளைக்கும், சாப்பிடக்கூடிய புற்றுக்காளான்தானா, சமைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம், தொப்பியில் பழுப்புச் செதில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் நினைக்கிற புற்றுக்காளானாக இருக்க வாய்ப்பு குறைவு. சமைத்துவிடாதீர்கள்.

புற்றுக்காளானுக்குத் தொப்பி நடுவில் கூர்முனை இருக்கும். தண்டு வேர்போல நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்கும். வெடுக்கென்று பிடுங்கினால் வேர் அறுந்து அடையாளமே போய்விடும், மண்ணைக் கிளறித்தான் பார்க்கணும்.

தண்டை வெட்டிவிட்டு, தொப்பியின் அடியிலுள்ள மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். தாளில் வித்துத்தூள் உதிர்ந்து தடம் விழும். தடம் மங்கிய பச்சை என்றால் அது குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. இளசில் இதன் மடிப்பும் வெள்ளைதான், பலர் ஏமாறுவது அங்கேதான். புற்றுக்காளான் தடம் வெளிர் ரோஜா. வெள்ளைத் தடம் விழுந்தாலும் தொடாதீர்கள், ஆளையே கொல்லும் அமானிட்டா வகை நச்சுக்காளான்களின் தடத்துக்கும் அதே நிறம். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை.