ஒம்பது மாசத்துல சைக்காலஜிஸ்ட்டா? வெள்ளிக்கிழமை காசு கட்டாதீங்க

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வயசு 24, ஏஎல் ஆர்ட்ஸ் பாஸ். ஒம்பது மாச டிப்ளோமா முடிச்சா "கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட்" என்டு சேர்ட்டிபிகேட் தருவாங்களாம், லண்டன்லயும் செல்லுமாம், 1,85,000 ரூபாய வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டோணும் என்டு ஒருத்தர் நெருக்கிறாராம். அம்மாவோ இது பொம்புளப் புள்ளைகள்ற படிப்பு என்டு ஏசுறா. கட்டவா விடவா?

விடுங்க தம்பி. லண்டன்ல அந்தப் பேர் சட்டத்தால பாதுகாத்த பேர், டொக்டரேட் அளவுக்குப் படிச்சுப் பதிஞ்ச ஆள்தான் போட்டுக்கொள்ளலாம். இங்க இலங்கையில கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்டா எம்ஃபில் முடிச்சு மருத்துவ சபையில பதியோணும். ஆனா வெறும் "கவுன்சிலர்" என்டு போர்ட் மாட்டுறதுக்கு ஒரு லைசென்சும் தேவையில்ல, இத்தின வருசமா ஒரு சட்டம் கொண்டுவர ஏலாம இருக்கிறாங்கள், அந்த ஓட்டைக்குள்ளாலதான் இந்த ஆக்கள் எல்லாம் பூந்து வாறது.

அவங்கட ஒபிஸுக்குப் போனா சுவர்ல மூன்றாம் நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுப் பதிவுப் பத்திரத்த கண்ணாடி போட்டு மாட்டி இருப்பாங்க, அதப் பாத்து ஏமாந்துடாதீங்க. அது நிறுவனத்தப் பதிஞ்சதுக்கு. நீங்க படிக்கப்போற கோர்ஸுக்குத் தரச்சான்று வேறயா எடுக்கோணும், அதக் காட்டச் சொன்னா கதைய மாத்துவாங்க. டிகிரி என்டு சொன்னா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிச்ச கேம்பஸா என்டு பாருங்க.

அதவிட மோசம் பயிற்சி மணித்தியாலத்த, அதாவது படிக்கக்குள்ள ஆக்களுக்குக் கவுன்சிலிங் செஞ்ச நேரக் கணக்க, காசுக்கு விக்கிறது. ஒரு பொடியன் அந்தக் கணக்கு எழுதுற லொக் புக்க என்னட்ட கொண்டுவந்தான், ஆறு மாசம், 200 மணித்தியாலம், எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்ப்பு எழுத்து. கலண்டர எடுத்துப் பாத்தா ரெண்டு போயா லீவு நாள்லயும் தைப்பொங்கல் அன்டைக்கும் ஒபிஸ்ல வச்சு ஆள் பாத்திருக்கான்! கேட்டா, "சேர், அவங்கதான் நிரப்பித் தந்தவங்க, 15,000 எடுத்தாங்க" என்டான். இவன்ட முன்னால நாளைக்கு நஞ்சு குடிச்சுத் தப்பின ஒருத்தன் வந்து இருந்தா என்ன செய்வான்?

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்க ஏற்கனவே டீச்சராவோ சமுர்த்தியிலயோ வேலையில இருந்தா குறுங்கால கோர்ஸ் செய்யலாம், ஏனென்டா சம்பளம் அதுல தொங்கல்ல, புள்ளைகளோட கதைக்கிற விதம் திருந்தும், அது நல்லதுதான். ஆனா அதுலயும் பாருங்க, டீச்சர் என்டா நிரந்தரமா இருக்கோணும், தொண்டர் ஆசிரியர இதுல சேக்க ஏலாது, கடன் எடுத்துச் செய்யவும் கூடாது, முடிச்சுப்போட்டுப் பின்னேரத்துல வீட்டுல "கிளினிக்" துறக்கவும் கூடாது, துறந்தா அவரும் மத்தாக்களும் ஒன்டுதான். உங்களுக்கு வேலை இல்லத்தானே, இது உங்களுக்குப் பொருந்தாது.

அம்மாட்டச் சொல்லுங்க, நம்மட நாட்டுல தற்கொலையில கூடுதலா சாகிறது ஆம்பிளைகள்தான். குடிக்கிற மனுசன், கடன்பட்ட மீன்காரன், இவங்க ஒரு பொம்புளப் புள்ளைக்கு முன்னால வாய் துறக்கக் கூச்சப்படுவாங்க. படிச்சு முடிச்சு நீங்க ஆள் பாக்கக்குள்ள பொம்புளைகள் வந்தா கதவப் பாதி துறந்து வைங்க, வெளியில ஒரு ஆள இருத்துங்க, விருப்பமில்லாட்டி பெண் ஒருத்தரிட்ட அனுப்புங்க.

உங்களுக்குச் சரியான வழி ஒன்டில் திறந்த பல்கலைக்கழகம், மட்டக்களப்புலயே பிராந்திய நிலையம் இருக்கு, இல்லாட்டி சீதுவையில இருக்கிற தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். எது தமிழ்ல நடக்குது என்டு நேர கேளுங்க, பாதி ஃபோர்ம் இங்கிலிசுல சிங்களத்துலதான் வரும், எரிச்சல்தான், என்ன செய்ய. டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், வேலைக்கெல்லாம் கெசட் எப்ப வரும் என்டு அவங்களுக்கே தெரியாது, வந்தா என்ன தகைமை கேட்டிருக்கு என்டு நீங்களே வாசிங்க, புரோக்கர் சொல்றதக் கேக்காதீங்க.

வெள்ளிக்கிழமை அவர் கோல் எடுத்தா ரெண்டு கேள்வி கேளுங்க: கோர்ஸுக்குத் தரச்சான்று இலக்கம் என்ன, நான் ஆள் பாக்கக்குள்ள பக்கத்துல இருந்து திருத்தப்போறது ஆர். வாயால வேணாம், எழுத்துல தரச் சொல்லுங்க.